ஆறு ஞாயிறும் ஒரு ஹென்றி கூப்பரும்: மதுரைக் குத்துச்சண்டை வகுப்பு ஒன்றின் மதிப்புரை

மதுரை அரசரடிக்கும் பைபாஸ் சாலைக்கும் நடுவில், முன்பு மர அறுவைப் பட்டறையாக இருந்த ஒரு தகரக் கொட்டகையில் நடக்கும் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தில் என் மகளைச் சேர்த்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வார நாள் பயிற்சியைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. கயிறு தாண்டுவது, ஓடுவது, தொங்கும் மூட்டையைக் குத்துவது என்று எந்த ஊரிலும் நடப்பதுதான் அங்கும் நடக்கிறது. எழுதத் தகுந்தது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை நடக்கும் தனி வகுப்பு. ஆறு ஞாயிறுகளுக்கு 600 ரூபாய். உடன் வரும் பெற்றோருக்குக் கட்டணம் இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு குத்துச்சண்டைக்காரரை எடுத்துக்கொண்டு, அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து முடிவுவரை சொல்லி, அவர் மோதிய ஆட்டங்களைச் சுவரில் படமாக ஓட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாடத்தைப் பிள்ளைகளின் கையிலும் காலிலும் ஏற்றுவது மாஸ்டரின் முறை. நாங்கள் சேர்ந்த சுற்றில் அவர் எடுத்துக்கொண்டவர் ஹென்றி கூப்பர் என்னும் ஆங்கிலேயர்.

அந்தப் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. வந்திருந்த பெற்றோரில் முக்கால்வாசிப் பேரின் நிலையும் அதுதான். பிரிட்டனிலிருந்து ஹெவிவெயிட் பிரிவில் உலகப் பட்டம் வென்ற லெனாக்ஸ் லூயிஸ், பிராங்க் புரூனோ, அந்தோணி ஜோஷுவா, டைசன் பியூரி எல்லாம் இருக்கும்போது, 55 ஆட்டங்களில் 14-ஐத் தோற்று, உலகப் பட்டத்தைத் தொடாமலேயே ஓய்வுபெற்ற ஒருவரை ஏன் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு தந்தை முதல் நாளே கேட்டார். இன்னொருவர், நம் மேரி கோமைச் சொல்லலாமே என்றார். மாஸ்டர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர், சட்டென்று பதில் சொல்லிப் பழகியவர். "மேரி கோம் அடுத்த சுத்துல வருவாங்க சார். இந்த மனுசனுக்குப் புருவம் கிழிஞ்ச மாதிரி எனக்குத் தெரிஞ்சு எவனுக்கும் கிழியல. கார்டு சொல்லிக்குடுக்க இவரவிட நல்ல ஆளு கெடையாது" என்றார். கார்டு என்பது கைகளை உயர்த்தி முகத்தைக் காத்து நிற்கும் முறை. அந்தப் பதிலில் இருந்த நேர்மைக்காகவே நான் அன்று 600 ரூபாயைக் கட்டினேன்.

என்னைப் பொறுத்தவரை கட்டிய பணம் முதல் ஞாயிறன்றே வசூலாகிவிட்டது. காரணம், என் மகள் இடக்கைப் பழக்கம் உள்ளவள். நொட்டாங்கையால் எழுதுகிறாள், சாப்பிடுகிறாள் என்று அவளுடைய அப்பத்தா பத்து வருடமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறார். பள்ளியிலும் ஒருமுறை இதைப் பற்றிப் பேச்சு வந்தது. கொட்டகையில் சேர்ந்த முதல் மாதம், இடக்கைக்காரர்கள் நிற்கும் முறைப்படி வலக்கையையும் வலக்காலையும் முன்னால் வைத்து நிற்கத்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அது அவளுக்கு ஏனோ பிடிபடவில்லை. காலும் காலும் பின்னிக்கொண்டன. ஞாயிறு வகுப்பில் கூப்பரின் முதல் படத்தைத் திரையில் நிறுத்திவிட்டு, இவருக்கு எந்தக் கை பலமான கை என்று மாஸ்டர் பிள்ளைகளிடம் கேட்டார். இடக்கால் முன்னால், இடக்கை முன்னால், வலக்கை தாடையருகே. எல்லாப் பிள்ளைகளும் வலக்கை என்றார்கள். கூப்பர் பிறவியிலேயே இடக்கைக்காரர் என்றும், ஆனால் வலக்கைக்காரரைப் போல நின்றே கடைசிவரை ஆடினார் என்றும் அவர் சொன்னபோது என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

இதில் உள்ள சூட்சுமத்தை அவர் விளக்கிய விதம் எளிமையாக இருந்தது. வழக்கமாகப் பலமான கை பின்னால் இருக்கும். அது எதிராளியை எட்டுவதற்கு நெடுந்தூரம் வர வேண்டும், வருவதும் கண்ணுக்குத் தெரியும். கூப்பருக்குப் பலமான கையே முன்னால் இருந்தது. முன்கையை நேராக நீட்டி விடும் ஜாப் என்னும் சாதாரணக் குத்துகூட அவரிடம் கனமாக விழுந்தது. அதே கையை முழங்கையில் மடக்கி ஹூக்காகச் சுழற்றும்போது, ஒரு முழத் தொலைவிலிருந்து சுத்தியல் விழுந்த மாதிரி இருந்தது. ஆங்கிலேயர்கள் அந்த அடிக்குச் செல்லமாக 'ஹென்றியின் சுத்தியல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இதற்கு அவர் கொடுத்த விலை, வலக்கை கடைசிவரை அவ்வளவாகத் தேறாமல் போனது. அதையும் மாஸ்டர் மறைக்கவில்லை. பாடம் முடிந்ததும் என் மகளைக் கூப்பிட்டு நிறுத்தி, காலை மாற்றி வைத்தார். "அந்தக் கையக் கட்டிப்போடச் சொல்லல தாயி, அதத்தான் முன்னாடி வைக்கச் சொல்றேன். குதிகாலத் திருப்பு, இடுப்பத் திருப்பு, கை தன்னால வரும்" என்றார். ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றுகிறவர்களுக்கு இடுப்பு எப்படித் திரும்பும் என்று தெரியும். அவள் ஆட்டுக்கல்லைக் கண்டவள் இல்லை. இருந்தும் மூன்றாவது முயற்சியில் தொங்கிய மூட்டை வேறு மாதிரி சத்தமிட்டது. பிள்ளைகள் எல்லோருமே திரும்பிப் பார்த்தார்கள்.

கூப்பரின் இளமைக் காலத்தை மாஸ்டர் கொஞ்சம் அதிகமாகவே நீட்டினார் என்பது என் கருத்து. 1934 மே 3-ஆம் தேதி லண்டனில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தது, தென்கிழக்கு லண்டனில் பெல்லிங்ஹாம் என்னும் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தது, போர்க்காலத்தில் மற்ற லண்டன் பிள்ளைகளைப் போலவே ஊரைவிட்டு அனுப்பப்பட்டது, வளர்ந்ததும் சுவர்ப்பூச்சு வேலைக்குப் போனது எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தன. இரட்டையரில் மற்றவரான ஜார்ஜும் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரர். ஏற்கெனவே இன்னொரு ஜார்ஜ் கூப்பர் களத்தில் இருந்ததால் இவர் ஜிம் கூப்பர் என்ற பெயரில் மோதினார். அமெச்சூராக ஆடிய 84 ஆட்டங்களில் 73-ஐ ஹென்றி வென்றார். 1952-லும் 1953-லும் பிரிட்டனின் அமெச்சூர் லைட் ஹெவிவெயிட் பட்டம் அவருக்குத்தான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் அனத்தோலி பெரோவிடம் புள்ளிகளில் தோற்றார். பிறகு கட்டாய ராணுவ சேவை. ராணுவம் என்ற சொல் வந்ததும் மாஸ்டருக்குத் தன் சொந்தக் கதைகள் நினைவுக்கு வந்துவிட்டன. அடுத்த இருபது நிமிடம் நாங்கள் லண்டனில் இல்லை, ஜபல்பூரில் இருந்தோம். சிறு பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். இந்த இடத்தை அவர் சுருக்கலாம்.

இரண்டாவது ஞாயிறின் பொருள் 1957-ஆம் ஆண்டு. 1954-ல் தொழில்முறைக்கு வந்த கூப்பர், அந்த ஓராண்டில் மூன்று பட்டங்களுக்காக மோதினார்: காமன்வெல்த்தின் முன்வடிவமான எம்பயர் பட்டத்துக்கு ஜோ பைகிரேவ்ஸுடன், ஐரோப்பியப் பட்டத்துக்கு ஸ்வீடனின் இங்கமார் யோஹான்சனுடன், பிரிட்டிஷ் பட்டத்துக்கு ஜோ எர்ஸ்கினுடன். மூன்றிலும் தோல்வி. இந்த வகுப்பில் ஓட்டுவதற்குப் படச்சுருள் ஏதும் இல்லை, நான்கைந்து நிழற்படங்கள் மட்டுமே. ஆனாலும் பெற்றோர்களிடையே அதிகம் பேசப்பட்டது இந்த வகுப்புதான், ஏனென்றால் அந்த வாரம் மாவட்ட அளவிலான போட்டிக்குப் போய்வந்த நான்கு பிள்ளைகளும் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியிருந்தார்கள். மாஸ்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1958-ல் அமெரிக்காவின் சோரா ஃபாலியைப் புள்ளிகளில் வென்றது, 1959 ஜனவரியில் பிரையன் லண்டனைப் பதினைந்து ரவுண்டு ஆட்டத்தில் தோற்கடித்து பிரிட்டிஷ் பட்டத்தையும் எம்பயர் பட்டத்தையும் ஒன்றாக எடுத்தது, அந்த பிரிட்டிஷ் பட்டத்தைப் பத்து ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் கயிறு தாண்ட அனுப்பிவிட்டார்.

மூன்றாவது ஞாயிறுக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். அன்று கொட்டகையில் நிற்க இடமில்லை; ஞாயிறு வகுப்பில் சேராத பிள்ளைகளின் தாத்தாக்கள் கூட வந்துவிட்டார்கள். 1963 ஜூன் 18, லண்டன் வெம்பிளி மைதானம். எதிரே 21 வயது கேசியஸ் கிளே, இன்னும் முகமது அலி ஆகவில்லை. தலையில் கிரீடமும் தோளில் அங்கியுமாக ராஜா வேடத்தில் மேடையேறுகிறார். ஐந்தாவது ரவுண்டில் முடித்துவிடுவேன் என்று முன்பே அறிவித்துவிட்டார். கிளேயை விடக் கூப்பர் இருபது பவுண்டுக்கு மேல் எடை குறைவு. இந்த எடைக் கணக்கை மாஸ்டர் பிள்ளைகளுக்குக் காட்டிய விதம் எனக்குப் பிடித்திருந்தது: பத்துக் கிலோ அரிசிச் சாக்கு ஒன்றைக் கொண்டுவரச் செய்து, ஒரு பையனின் முதுகில் ஏற்றி, இன்னொருவனோடு நிற்க வைத்தார். வித்தியாசம் என்னவென்று அதன்பின் யாரும் கேட்கவில்லை.

நான்காவது ரவுண்டின் முடிவை அவர் ஏழு முறை ஓட்டினார். முதலில் வழக்கமான வேகத்தில், பிறகு நிறுத்தி நிறுத்தி. கிளே பின்வாங்கிக் கயிற்றருகே வருகிறார், கைகள் தாழ்ந்திருக்கின்றன. கூப்பர் ஜாப்புகளை விட்டுக்கொண்டே உள்ளே நுழைகிறார். பிறகு அந்த இடக்கை ஹூக். கிளே கயிற்றில் சரிந்து உட்கார்ந்துவிடுகிறார். எழுந்து நிற்கும்போது அவருடைய கண்கள் எங்கேயோ இருக்கின்றன. மணி அடித்துவிடுகிறது. மணி மட்டும் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ற பேச்சு பிரிட்டனில் இன்றுவரை ஓயவில்லையாம். கொட்டகையிலும் ஓயவில்லை. ஒரு தாத்தா தன் பேரனின் தோளை அழுத்திப் பிடித்திருந்ததை அவனே விலக்க வேண்டியிருந்தது.

அடுத்து வருவதுதான் அந்த வகுப்பின் மையம். கிளேயின் கார்னரில் இருந்த பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி, அன்றைய பிரிட்டிஷ் விதிகள் அனுமதிக்காத முகர்வு உப்பைக் கொண்டு கிளேயைத் தெளிவிக்கப் பார்த்தார். கூடவே, கிளேயின் கையுறையில் தையல் விட்டிருப்பதை நடுவரிடம் காட்டினார். தையல் முன்பே கொஞ்சம் பிரிந்திருந்ததாகவும் அதைத் தன் விரலால் இன்னும் கொஞ்சம் பிரித்துவிட்டதாகவும் டண்டியே பின்னாளில் சொன்னார். மாற்றுக் கையுறை கிடைக்கவில்லை. இந்தத் தடங்கலில் கிளேக்கு இரண்டு மூன்று நிமிட ஓய்வு கிடைத்துவிட்டது என்று கதை வளர்ந்துவிட்டது. ஒளிப்பதிவை வைத்துப் பார்த்தால் கூடுதலாகக் கிடைத்தது சில நொடிகள்தான். மாஸ்டர் இதைக் கைக்கடிகாரத்தை வைத்து எங்களுக்கு எண்ணிக் காட்டினார். கதையை அதன் கவர்ச்சியான வடிவத்திலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. அப்படிச் செய்யாததை இந்த வகுப்பின் பெரிய தகுதியாக நான் கருதுகிறேன். ஐந்தாவது ரவுண்டில் கூப்பரின் புருவம் கிழிந்து இரத்தம் முகம் முழுவதும் வழிய, நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். கிளே சொன்ன அதே ஐந்தாவது ரவுண்டு. நான்காவது ரவுண்டில் தான் வாங்கிய அந்த ஹூக் ஆப்பிரிக்காவில் இருந்த தன் முன்னோர்களுக்கே உறைத்திருக்கும் என்று அலி பின்னாளில் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு பிரிட்டனில் மேடையருகே ஒரு ஜோடி உபரிக் கையுறை வைத்திருப்பது வழக்கமாயிற்று.

இந்த இடத்தில் என் சொந்தக் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது கொட்டகையைப் பற்றியது அல்ல. மகளுக்குக் கையுறை வாங்க நகரில் உள்ள ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குப் போயிருந்தேன். பத்து அவுன்ஸ், சிவப்பு நிறம், 1,450 ரூபாய். அசல் தோல் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரமே இடக்கைக் கையுறையில் பெருவிரல் சேரும் இடத்துத் தையல் இரண்டு அங்குலத்துக்கு விட்டுவிட்டது, உள்ளே இருந்த பஞ்சு வெளியே தெரிந்தது. மேலே இருந்தது தோல் அல்ல, ரெக்சின். பில்லோடு கடைக்குத் திரும்பிப் போனபோது, கையுறையைக் குத்துவதற்குப் பயன்படுத்தினால் கிழியத்தான் செய்யும் என்றார்கள். கையுறையை வேறு எதற்குப் பயன்படுத்துவது என்று கேட்டேன், பதில் வரவில்லை. கடைசியில் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் நடைபாதையில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் கையுறையைத் தன் கையில் மாட்டிப் பார்த்தார், விரலை மடக்கினார், எங்கே இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டார், பிறகு பழைய நூலை முழுவதும் உருவிவிட்டு, மெழுகு தேய்த்த நூலால் இரட்டைத் தையல் போட்டார். 40 ரூபாய். முடிச்சு உள்பக்கம் வந்தால் பிள்ளைக்குக் குத்தும் என்று அதை மடிப்புக்குள் தள்ளிவிட்டார். இரண்டு மாதங்களாக அந்தத் தையல் அசையவில்லை.

மறுவாரம் அதை மாஸ்டரிடம் காட்டியபோது, "டண்டிக்கு இவரு கிடைச்சிருந்தா ஆட்டமே மாறியிருக்கும்மா" என்றார். யோசித்துப் பார்த்தால் அந்த வேடிக்கையில் தர்க்கம் இல்லை, ஆனால் எல்லோரும் சிரித்தோம்.

நான்காவது ஞாயிறு, 1966 மே 21. ஆர்சனல் கால்பந்து அணியின் ஹைபரி மைதானம், எதிரே உலகச் சாம்பியனாகிவிட்ட அலி. கூப்பருக்கு வாய்த்த ஒரே உலகப் பட்டப் போட்டி. ஆறாவது ரவுண்டில் இடக்கண்ணுக்கு மேலே ஆழமாகக் கிழிந்து, மறுபடியும் இரத்தத்தால் ஆட்டம் நின்றது. இந்த ஆட்டத்தைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டியது சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பத்து வயதுக்குக் கீழே இருந்த இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு தாய் தன் பையனை வெளியே அழைத்துப்போய்விட்டார். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் படம் முடிந்த பிறகு நடந்த பாடத்தைக் குறை சொல்ல முடியாது. கூப்பரின் புருவ எலும்பு துருத்தியது, மேல் தோல் மெலிந்தது, ஒருமுறை கிழிந்து ஆறிய தழும்பு மறுமுறை இன்னும் எளிதாகக் கிழியும் என்று விளக்கினார். டேனி ஹாலந்து என்ற பயிற்சியாளர் ரவுண்டுகளுக்கு இடையில் கிடைக்கும் ஒரே நிமிடத்தில் அந்தக் காயங்களோடு எப்படி மல்லாடினார், வாசலின் எதற்கு, அழுத்திப் பிடிப்பது எதற்கு என்பதையெல்லாம் தன் புருவத்திலேயே செய்து காட்டினார். பிறகு இந்தக் கூடத்தின் விதியை மறுபடி சொன்னார்: மூன்று மாதம் முடியாமல் ஸ்பாரிங் என்னும் பயிற்சி மோதல் கிடையாது, தலைக்கவசமும் பல்லுறையும் இல்லாமல் யாரும் மேடையேறக் கூடாது, கீறல் விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. முதல் மாதத்திலேயே பிள்ளைகளை மோதவிட்டு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். தலைக்கவசம் போட்டாலும் மூளைக்கு ஏற்படும் அதிர்ச்சி முழுவதும் நின்றுவிடாது என்பதையும் அவர் பெற்றோர்களிடம் ஒளிக்காமல் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு மறுவாரம் வராமல் நின்றவர்களும் உண்டு.

ஐந்தாவது ஞாயிறு பாதியில் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் இல்லை. தகரக் கொட்டகையில் எட்டரை மணி வெயிலுக்கே உடம்பு கொதித்தது. ஆகவே ஃபிளாய்ட் பேட்டர்சனிடம் நான்காவது ரவுண்டில் நாக் அவுட் ஆனது, 1968-ல் ஜெர்மனியின் கார்ல் மில்டன்பெர்கர் தகுதிநீக்கம் செய்யப்பட்டதால் ஐரோப்பியப் பட்டம் கூப்பருக்குக் கிடைத்தது எல்லாம் வாய்வழிக் கதையாகவே முடிந்தன. ஆனால் இருட்டில்தான் ஒரு நல்ல செய்தி வந்தது. உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் பட்டத்துக்காக ஜிம்மி எல்லிஸுடன் கூப்பர் மோத இருந்த ஆட்டத்தை பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் அங்கீகரிக்க மறுத்ததால், கோபத்தில் அவர் 1969-ல் தன் பிரிட்டிஷ் பட்டத்தையே துறந்தார். பிறகு முழங்கால் காயத்தால் அந்த ஆட்டமும் நடக்காமல் போயிற்று. அந்த ஜிம்மி எல்லிஸ்தான் 1980-ல் அலியோடு சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடியவர். மாஸ்டரின் தந்தை மதுரையிலிருந்து ரயிலேறிப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாராம். அலியைப் பார்த்தேன் என்று சாகும்வரை சொன்னாரே தவிர, எதிரே நின்றவர் யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது என்றார் மாஸ்டர்.

கடைசி ஞாயிறை நான் மற்ற எதைவிடவும் ரசித்தேன், அதற்குக் காரணம் என் தொழில். கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுகிறவள் நான். 1970-ல் ஜாக் பாடலிடமிருந்து பிரிட்டிஷ் பட்டத்தையும் ஸ்பெயினின் ஹோசே உர்டைனிடமிருந்து ஐரோப்பியப் பட்டத்தையும் மீட்ட கூப்பர், 1971 மார்ச் 16 அன்று வெம்பிளியில் ஜோ பக்னரைச் சந்தித்தார். கூப்பருக்கு 37 நெருங்குகிறது, பக்னருக்கு 21. பதினைந்து ரவுண்டு. அன்றைய பிரிட்டிஷ் முறையில் மதிப்பெண் போடுவது நடுவர் ஒருவர் மட்டும்தான். ரவுண்டை வென்றவருக்கு ஐந்து, தோற்றவருக்குக் கால் புள்ளியோ அரைப் புள்ளியோ குறைவு. ஆட்டம் முடிந்ததும் நடுவர் ஹாரி கிப்ஸ், அறிவிப்புக்கே காத்திருக்காமல் பக்னரின் கையைத் தூக்கிவிட்டார். 73¾-க்கு 73½. கால் புள்ளி.

மாஸ்டர் எங்கள் எல்லோருக்கும் ஒரு துண்டுத்தாளும் பென்சிலும் கொடுத்து, படத்தை ஓட்டி, நாங்களே புள்ளி போடும்படி சொன்னார். முடிவைச் சொல்லாமல் ஓட்டியதால் எல்லோரும் உண்மையாகவே எழுதினோம். இருபத்துமூன்று தாள்களில் பதினாறு கூப்பருக்கு, ஐந்து பக்னருக்கு, இரண்டு சமம். பக்னருக்குப் போட்ட ஐந்தில் ஒன்று என் மகளுடையது. ஐந்து வாரம் கூப்பரை உருகி உருகிப் பார்த்தவள் எப்படி மாற்றிப் போட்டாள் என்று கேட்டதற்கு, ஜாப் எத்தனை பட்டது என்று மட்டும் எண்ணினேன் என்றாள். நான் என் பங்குக்குக் கிப்ஸின் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். பதினைந்து ரவுண்டுக்கு முழுப் புள்ளி 75. பக்னர் இழந்தது ஒன்றேகால், கூப்பர் இழந்தது ஒன்றரை. இழந்த ரவுண்டுக்குக் கால் வீதம் வைத்தால் பக்னர் ஐந்து ரவுண்டுகளைத் தோற்றிருக்கிறார், கூப்பர் ஆறு. மீதி நான்கு சமம். அந்த நான்கில் ஒன்றை வேறு கண்ணால் பார்த்திருந்தால் கூட ஆட்டம் சமநிலையில் முடிந்து, பட்டங்கள் கூப்பரிடமே இருந்திருக்கும். கூட்டம் கூச்சலிட்டதிலும், கூப்பர் அதன்பின் மேடையேறாமல் ஓய்வுபெற்றதிலும், கிப்ஸோடு பல ஆண்டுகள் பேசாமல் இருந்ததிலும் எனக்கு வியப்பில்லை. வங்கியில் கால் ரூபாய் பிசகினால் நாங்கள் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து தேடுவோம்.

ஓய்வுக்குப் பிறகான வாழ்க்கையை மாஸ்டர் அவசரமாக முடித்தார். உண்மையில் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதில்தான் நிறைய இருக்கிறது. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே வெம்பிளியில் காய்கறிக் கடை வைத்தவர் கூப்பர். பிறகு ஆண்களுக்கான வாசனைத் திரவிய விளம்பரத்தில் வந்து வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். பிபிசியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருதை இருமுறை, 1967-லும் 1970-லும், பெற்ற முதல் மனிதர் அவர். பிரிட்டிஷ் சாம்பியனுக்குத் தரப்படும் லான்ஸ்டேல் பெல்ட்டை அந்தக் காலத்தில் மூன்று பட்ட ஆட்டங்களில் வென்றால்தான் சொந்தமாக வைத்துக்கொள்ள முடிந்தது. அப்படி மூன்று பெல்ட்டுகளைச் சொந்தமாக்கிக்கொண்டவர். லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் போட்ட பணம் நட்டமானதால் 1993-ல் அந்த மூன்றையும் ஏலத்தில் விற்க நேர்ந்தது. கிடைத்தது 42,000 பவுண்டு. 2000-ல் சர் பட்டம் கிடைத்தது. இத்தாலியில் பிறந்த மனைவி அல்பினா 2008-லும், இரட்டைச் சகோதரர் ஜார்ஜ் 2010-லும் இறந்தார்கள். 2011 மே 1 அன்று, 77 முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஹென்றியும் போய்விட்டார். இதையெல்லாம் மாஸ்டர் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, பெல்ட் விற்ற இடத்தில் மட்டும் ஒரு கணம் நின்றார். அவர் மேசை இழுப்பறையில் இரண்டு பதக்கங்கள் இருப்பதை எல்லோரும் அறிவோம். ஒரு பிள்ளை, நீங்கள் விற்பீர்களா மாஸ்டர் என்று கேட்டுவிட்டது. "ஏலத்துக்கு யாரு வர்றா, பாத்திரக்கடைக்காரன்தான் எடைக்குக் கேப்பான்" என்றார்.

சேர்க்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். பெண் பிள்ளைகள் உடை மாற்றத் தனி அறை இல்லை. ஒரு மூலையில் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள், அது போதாது. மூன்று முறை சொல்லிவிட்டேன், அடுத்த மாதம் தடுப்புச் சுவர் எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. குடிநீரை வீட்டிலிருந்து கொண்டுபோவது நல்லது. கொசுவுக்கு ஏதாவது செய்ய வேண்டும். பயிற்சி முடிந்து வெளியே வந்தால் எதிரே தள்ளுவண்டியில் பருத்திப்பால் கிடைக்கும். பிள்ளைகள் பாதிப் பேர் அதற்காகவே வருகிறார்கள் என்று நினைக்கிறேன். கூடத்தில் பொதுக் கையுறைகள் உண்டு, ஆனால் வியர்வை வாடை தாங்க முடியாது. சொந்தமாக வாங்குவதே நல்லது. வாங்கும்போது நிறத்தையும் பெயரையும் பார்க்காமல், பெருவிரல் சேரும் இடத்துத் தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். நூல் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மேரி கோம் சுற்று தொடங்கும் நாளை இன்னும் சொல்லவில்லை. என் மகள் முன்பணம் கட்டிவிட்டாள்.